வானிலையைக் கொண்டு தக்காளிப் பூச்சிகளை முன்கூட்டியே கணிக்கும் முறை

தக்காளி இலையைத் திருப்பிப் பார்க்கும்போது கண்ணில் படும் வெள்ளை ஈக்கள் இன்றைய வெயிலுக்குப் பிறந்தவை அல்ல. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே முட்டையாக இடப்பட்டு, அதன் பிறகு வந்த ஒவ்வொரு நாளின் வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்து, இன்று இறகு முளைத்து நிற்பவை அவை. ஆகவே வானிலைக்கும் பூச்சிக்கும் உள்ள தொடர்பை அறிய விரும்புகிறவர் இன்றைய வெயிலையும் இன்றைய பூச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயன் குறைவு. இன்றைய பூச்சிக்குக் காரணம் சென்ற வாரங்களின் வானிலை. இன்றைய வானிலைக்கான பலன் இனி வரும் வாரங்களில்தான் செடியில் தெரியும். இந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டால், மருந்தடிப்பை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கம் தானாகவே குறைந்துவிடும்.

பூச்சிகளுக்குத் தம் உடல் வெப்பத்தைத் தாமே நிலைநிறுத்திக்கொள்ளும் ஆற்றல் கிடையாது. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அவற்றின் வளர்ச்சியும் மந்தமாகும், வெதுவெதுப்பானால் விரைவுபெறும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. வெப்பநிலை அதற்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி நின்றுவிடும். ஒரு மேல்வரம்பும் உண்டு. அதைத் தாண்டினால் வளர்ச்சி தடுமாறி, முட்டைகள் பொரியாமல் போவதும் இளம் புழுக்கள் மடிவதும் நேரும். இவ்விரு வரம்புகளுக்கும் இடையில், ஒரு பூச்சி முட்டையிலிருந்து தாய்ப்பூச்சியாவதற்குத் தேவைப்படும் மொத்த வெப்பம் ஏறக்குறைய மாறாத அளவாகவே இருக்கிறது. நாட்கள் கூடலாம், குறையலாம். சேர வேண்டிய வெப்பம் மட்டும் மாறுவதில்லை.

வெப்ப அலகுக் கணக்கு

இதைத் தக்காளியின் இலையையும் காயையும் குடையும் ஊசிப்புழுவை வைத்துப் பார்ப்பது எளிது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் புழு 2006இல் ஸ்பெயினுக்கும் 2014இல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. இன்று உலகில் தக்காளி விளையும் பெரும்பாலான பகுதிகளில் பரவியிருக்கிறது. இதன் வளர்ச்சிக்கான கீழ்வரம்பு ஏறத்தாழ 8 டிகிரி செல்சியஸ். ஒரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் குறைந்தபட்ச வெப்பநிலையையும் கூட்டி இரண்டால் வகுத்து, கிடைக்கும் சராசரியிலிருந்து இந்த 8ஐக் கழித்தால், அன்று புழுவுக்குக் கிடைத்த வெப்ப அலகு தெரிந்துவிடும். முட்டை பொரிவதற்குச் சுமார் 100 அலகுகளும், புழுப்பருவம் முடிவதற்குச் சுமார் 240 அலகுகளும், கூட்டுப்புழுவிலிருந்து அந்துப்பூச்சி வெளிவருவதற்குச் சுமார் 120 அலகுகளும் தேவை. ஆக மொத்தம் 460.

குறிப்பேட்டில் அதிகபட்சம் 34, குறைந்தபட்சம் 20 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். சராசரி 27, அதிலிருந்து 8 போக 19. நாளொன்றுக்கு 19 அலகுகள் சேர்ந்தால் 460ஐ எட்ட 24 நாட்கள் போதும். சராசரி 20 டிகிரியாக இருந்தால் நாளொன்றுக்கு 12 அலகுகள்தான். ஒரு தலைமுறைக்கு 38 நாட்கள் பிடிக்கும். சராசரி 14க்கு இறங்கிவிட்டால் நாளுக்கு 6 அலகுகள். தலைமுறை 76 நாட்களுக்கு மேல் நீளும். ஒரு தாய்ப்பூச்சி 200க்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், வெதுவெதுப்பான பருவத்தில் ஒரே பயிர்க்காலத்துக்குள் மூன்று நான்கு தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்வதும், குளிர்ப்பருவத்தில் அதே வயலில் அதே புழு இருந்தும் பெரிதாகத் தெரியாமல் போவதும் ஏன் என்று விளங்கும்.

இந்தக் கணக்கைத் தொடங்கும் நாளைச் சரியாகப் பிடிப்பதுதான் முக்கியம். நடவு நாளிலிருந்து கூட்டத் தொடங்குவதில் பொருளில்லை, ஏனெனில் அன்று வயலில் பூச்சியே இல்லாமலிருக்கலாம். பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஆண் அந்துப்பூச்சிகளை ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் முதன்முதலாகத் தொடர்ந்து சில இரவுகள் அந்துப்பூச்சிகள் விழுந்த நாளை முதல் நாளாகக் கொள்ள வேண்டும். அன்றிலிருந்து சுமார் 100 அலகுகள் சேரும் வேளையில் முட்டைகள் பொரிந்து இளம்புழுக்கள் இலைக்குள் நுழையத் தொடங்கியிருக்கும். உயிரி மருந்தோ வேப்பங்கொட்டைக் கரைசலோ பலன் தரும் காலம் அதுவே. பின்னால் 300 அலகுகள் தாண்டிய பிறகு அடிக்கும் மருந்து, இலையின் இரு தோல்களுக்கும் நடுவிலோ காய்க்குள்ளோ பாதுகாப்பாக இருக்கும் முதிர்ந்த புழுவை எட்டுவது அரிது.

இக்கணக்கில் ஒரு பிழை உள்ளதையும் சொல்லிவிட வேண்டும். அதிகபட்ச வெப்பநிலை 40ஐத் தொடும் நாட்களில் வெறும் சராசரியிலிருந்து 8ஐக் கழித்துப் பார்த்தால் வளர்ச்சி மிக விரைவாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அந்த நண்பகல் வெப்பம் புழுவுக்கு உதவுவதில்லை, இடையூறுதான் செய்கிறது. ஆகவே 35க்கு மேல் போகும் அளவுகளை 35 என்றே எழுதிக்கொண்டு கணக்கிடுவது உண்மைக்கு நெருக்கமான விடையைத் தரும். அத்துடன், வெப்பமானியை வெயிலில் தொங்கவிட்டு எடுத்த அளவுகளால் எந்தக் கணக்கும் நிற்காது. தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் அது இருக்க வேண்டும்.

மழை செய்வதும் செய்யாததும்

மழை பெய்தால் பூச்சி போய்விடும் என்பது பாதி உண்மை. மழையின் அளவை விட அது பெய்யும் வேகமே இங்கு கருதத்தக்கது. அரை மணி நேரத்தில் அடித்துக் கொட்டும் 20 மில்லிமீட்டர் மழை, இலையின் மேற்புறத்திலும் நுனிக்கொழுந்திலும் இருக்கும் இலைப்பேன்களையும் அசுவினிகளையும், காய்ப்புழு உதிரி உதிரியாக இட்டு வைத்த முட்டைகளையும், அன்றோ நேற்றோ பொரிந்த இளம்புழுக்களையும் கழுவித் தள்ளிவிடும். அதே 20 மில்லிமீட்டர் நாள் முழுவதும் தூறலாகப் பெய்தால் பூச்சிகள் இலையின் அடியில் ஒண்டிக்கொண்டு தப்பிவிடுகின்றன. செடிக்குள் ஈரப்பதம் மட்டும் ஏறும். ஆகையால் குறிப்பேட்டில் மழையளவை எழுதும்போது ‘அடைமழை’, ‘தூறல்’, ‘ஒரே கொட்டாகக் கொட்டியது’ என்று பெய்த விதத்தையும் ஒரு சொல்லில் எழுதி வைப்பது, அளவை விடவும் பயனுள்ள குறிப்பாகப் பின்னால் அமையும்.

வெள்ளை ஈயின் விஷயத்தில் மழைக்குப் பிந்தைய தோற்றம் பலரையும் ஏமாற்றுகிறது. பலத்த மழைக்கு மறுநாள் செடியை அசைத்தால் முன்போல வெள்ளைப் புகை எழுவதில்லை. வந்த தொல்லை தீர்ந்தது என்று நிம்மதி ஏற்படுகிறது. ஆனால் நடு இலை ஒன்றைப் பறித்து, அடிப்புறத்தைக் கைலென்ஸில் பார்த்தால், நரம்புகளை ஒட்டி வெளிர்மஞ்சள் நிறத்தில், செதில்போல, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் குஞ்சுகள் அப்படியே இருக்கும். முட்டையிலிருந்து வந்த முதல் சில மணி நேரம் மட்டுமே இவை நடமாடும். பிறகு ஓரிடத்தில் வாயைச் செருகி உட்கார்ந்துவிட்டால், இறகு முளைக்கும்வரை அங்கிருந்து நகர்வதில்லை. மழை அடித்துச் சென்றது தாய் ஈக்களை மட்டுமே. வானம் தெளிந்து பகல் வெப்பம் 27 முதல் 30 டிகிரிக்குத் திரும்பினால், எஞ்சிய குஞ்சுகள் ஒரு வாரம் பத்து நாட்களில் தாயாகிவிடும். மழை நின்ற பின் வரும் இரண்டாவது வாரத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மண்ணுக்குள் மழை செய்யும் வேலை வேறு. காய்ப்புழு முழு வளர்ச்சி அடைந்ததும் செடியை விட்டு இறங்கி, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. இலைகளைத் தின்னும் புரோடீனியாப் புழுவும் அப்படியே. இலைப்பேன்களிலும் பெரும்பாலானவை இளம்பருவத்துக்கு அடுத்த வளர்ச்சிப் பருவத்தை மேல்மண்ணிலோ சருகுக்கு அடியிலோதான் கழிக்கின்றன. தண்ணீர் தேங்கி நின்றால் கூட்டுப்புழுக்கள் மூச்சடைத்துச் சாகும்; மழைக்குப் பிறகு மண் இறுகிப் பொருக்கு தட்டினாலும் வெளிவரும் பூச்சிகளின் எண்ணிக்கை குறையும். மாறாக, நீண்ட வறட்சிக்குப் பின் மிதமாகப் பெய்து மண் இளகினால், உள்ளே காத்திருந்த கூட்டுப்புழுக்களிலிருந்து அந்துப்பூச்சிகள் அடுத்தடுத்து வெளிவருவதும் உண்டு. மழையைப் பகையென்றோ உறவென்றோ ஒரே வரியில் எழுதிவிட முடியாது. அது வரும்போது பூச்சி எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதே கேள்வி.

வறட்சியும் வெப்பமும்

காற்றில் ஈரம் குறைந்து வெயில் கடுமையாகும்போது முதலில் கிளம்புவது செம்பேன். இது பூச்சியல்ல, எட்டுக் கால்களுள்ள சிலந்தியினம். எனினும் தக்காளியின் வெப்பகாலக் கணக்கு இதை விட்டுவிட்டு நிறைவுபெறாது. 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் முட்டையிலிருந்து தாயாக இதற்குச் சுமார் எட்டு முதல் பத்து நாட்களே போதும். 20 டிகிரியில் ஏறக்குறைய இரு மடங்கு காலம் பிடிக்கும். ஈரப்பதம் குறைந்த சூழல் இதற்கு உகந்தது. வண்டிப்பாதையை ஒட்டிய வரிசைகளில், புழுதி படிந்த இலைகளில்தான் முதலில் தோன்றும். இலையின் மேற்புறத்தில் ஊசிமுனையளவு வெளிர்ப்புள்ளிகள் தெரிந்தால், ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டிப் பார்க்க வேண்டும். விழுந்த தூசுகளில் சில நடக்கத் தொடங்கினால் ஐயம் தீர்ந்தது.

இலைப்பேனும் வெப்பத்தையும் வறட்சியையும் விரும்புவதே. இது சாற்றை உறிஞ்சுவதால் வரும் இழப்பை விட, புள்ளி வாடல் நோயைப் பரப்புவதால் வரும் இழப்பே பெரிது. அந்த நோயை உண்டாக்கும் நச்சுயிரியை (வைரஸை) இலைப்பேன் தன் இளம்பருவத்தில் மட்டுமே பெற்றுக்கொள்கிறது. பெற்றபின் இறகு முளைத்த காலம் முழுவதும் பரப்புகிறது. அதாவது, நோயுற்ற செடி ஒன்று வயலில் நின்று, அதிலேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தால்தான் அந்தச் செடி அபாயமாகிறது. வெப்பமான காலத்தில் இந்தத் தலைமுறைக்கு இரண்டு வாரங்கள்கூட ஆகாது என்பதால், வாடிய செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதைத் தள்ளிப்போடுவதற்கு வறண்ட பருவத்தில் அவகாசம் மிகக் குறைவு. குளிர்ந்த பருவத்தில் சற்றே கூடுதல்.

வெள்ளை ஈக்கும் இதே தர்க்கம் பொருந்தும். ஆனால் இலைச்சுருட்டு நோயின் நச்சுயிரியை அது தாயாக இருக்கும்போதும் எடுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் சாறு உறிஞ்சினாலே போதும். அதன்பின் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பரப்பத் தயாராகிவிடும். செடி இளமையாக இருக்கும்போது தாக்கினால் காய்ப்பே இல்லாமல் போகும். எனவே வெப்பம் ஏறிக்கொண்டு வரும் பருவத்தில் நாற்று விடுகிறவர்கள் 40 முதல் 50 மெஷ் (அங்குலத்துக்கு அத்தனை துளைகள்) அளவுள்ள நைலான் வலைக்குள்தான் நாற்றை வளர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நடவுக்குப் பின் அடிக்கும் எத்தனை மருந்தும் இந்த ஒரு வலைக்கு ஈடாகாது.

வெப்பத்தின் பெயரால் பூச்சிமேல் விழும் ஒரு பழியையும் இங்கே நீக்கிவிடலாம். பகல் வெப்பம் 35 டிகிரியை நெருங்கி இரவும் குளிராமல் போனால், மகரந்தம் கெட்டுத் தக்காளிப்பூ தானாகவே உதிரும். உதிர்ந்த பூக்களைப் பார்த்ததும் இலைப்பேன் என்று முடிவு கட்டி மருந்தடிக்கிறவர்கள் பலர். நாலைந்து பூக்களை வெள்ளைத் தாளில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

குளிரும் மேகமும் காற்றும்

அசுவினி இவற்றுக்கு நேர்மாறானது. 20 முதல் 25 டிகிரியும் மேகமூட்டமும் உள்ள நாட்களில், ஆணின் துணையில்லாமலே பெண் அசுவினிகள் குட்டிகளாகவே ஈன்று பெருகும்; பிறந்தது ஒரு வாரம் பத்து நாட்களில் தானும் ஈனத் தொடங்கும். 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்தால் இவை தாமாகவே மங்கிவிடும். இவ்வினத்துக்கு மருந்தடிக்கும் முன் அடுத்த வாரத்து வானிலை முன்னறிவிப்பைப் பார்ப்பது நல்லது. வெயில் ஏறப்போகிறது என்றால் பொறுத்திருப்பதே சிக்கனம். இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அசுவினியை உண்ணும் பொறிவண்டுகளும், உள்ளே முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளும் சுறுசுறுப்படையப் பெரும்பாலும் அசுவினியை விடச் சற்றுக் கூடுதல் வெப்பம் தேவை. குளிர் விலகத் தொடங்கும் வாரங்களில் அசுவினி முந்திக்கொள்வதும், பின்னால் இயற்கை எதிரிகள் அதை எட்டிப் பிடிப்பதும் இதன் விளைவே. அந்த இடைவெளியில் பதறிப்போய் எல்லாப் பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லும் அகன்ற வீச்சுள்ள மருந்தை அடித்தால், பின்னால் வரவேண்டியவை வராமலே போய்விடும்.

மேகமூட்டமும் ஈரமும் சேர்ந்து பல நாட்கள் நீடித்தால் பூச்சிகளுக்கே நோய் வரும். இலையில் ஒட்டியபடி பூசணம் போர்த்திய புழுவோ அசுவினியோ தென்பட்டால், பூச்சிக்கொல்லி அடிப்பதற்கு முன் நான்கைந்து நாட்கள் பார்க்கலாம். இதே காலத்தில்தான் இலைக்கருகல் நோயும் வருமாதலால் பூஞ்சாணக்கொல்லி தேவைப்படும். மாங்கோசெப் போன்றவை, பூச்சியைக் கொல்லும் பூசணங்களையும் ஒடுக்கக்கூடியவை. எனவே பியூவேரியா போன்ற பூசண மருந்தை அடித்தவர்கள், அதனுடன் சேர்த்தோ அதையடுத்த நாட்களிலோ பூஞ்சாணக்கொல்லியை அடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

காற்றைப் பற்றி எழுத அதிகமில்லை, ஆனால் விடவும் முடியாது. வெள்ளை ஈ, இலைப்பேன், இறகுள்ள அசுவினி ஆகியவை வலுவாகப் பறக்கக்கூடியவை அல்ல. காற்று கொண்டுசெல்லும் இடத்துக்குப் போகும். ஆகவே காற்று வரும் பக்கத்து ஓரவரிசைகளிலேயே முதல் தாக்குதல் தெரியும். அங்கேயே முதல் ஒட்டுப்பொறியை வைக்க வேண்டும். பக்கத்து வயலில் அறுவடை முடிந்த பழைய செடிகள் காய்ந்துகொண்டிருக்கும்போது காற்று அங்கிருந்து வீசுமானால், வெப்ப அலகுக் கணக்கு என்ன சொன்னாலும் எண்ணிக்கை திடீரென்று உயரும். காய்ப்புழுவின் அந்துப்பூச்சியோ இரவுக் காற்றின் துணையோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடம்பெயரக்கூடியது. உள்ளூர் வானிலையை மட்டும் வைத்து இதன் வருகையைக் கணித்துவிட முடியாது, பொறிதான் வழி.

எண்ணுவதும் எழுதுவதும்

வயலில் ஐந்து இடங்களைத் தேர்ந்து, இடத்துக்கு ஐந்து செடிகளாக இருபத்தைந்து செடிகளை வாரம் ஒருமுறை, முடிந்தால் இருமுறை, பார்க்க வேண்டும். ஒவ்வொரு செடியிலும் மேல், நடு, கீழ் இலைகளில் ஒவ்வொன்று. பூ, காய் இருந்தால் அவையும். வெள்ளை ஈயை எண்ணுவதாயின் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே எண்ணிவிட வேண்டும். குளிர்ந்த வேளையில் அது எளிதில் பறக்காது, இலையை மெதுவாகத் திருப்பினால் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு வாரம் காலை ஆறரைக்கும் மறுவாரம் நண்பகலிலும் எண்ணினால், கிடைப்பது பூச்சியின் ஏற்ற இறக்கமல்ல, எண்ணியவரின் நேர மாற்றம். ஊசிப்புழுவுக்கு, வெளுத்த திட்டுள்ள இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்க்கலாம்; கண்ணாடிபோல ஒளி புகும் திட்டுக்குள் கரும்பொடியாக எச்சமும், உயிரோடிருந்தால் அசையும் புழுவும் தெரியும். வெற்றுத் திட்டுகளை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

பொறியில் விழும் எண்ணிக்கையை அப்படியே வயலில் உள்ள எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பொறி அளப்பது எத்தனை பூச்சிகள் இருக்கின்றன என்பதை அல்ல, எத்தனை பறந்தன என்பதை. பலத்த காற்று வீசிய ஒரு வாரத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறியில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்ததைக் கண்டு நானே ஒரு முறை மருந்தைத் தள்ளிப்போட்டேன். காற்று அடங்கிய மூன்றாம் நாள் அட்டையில் இடமில்லாத அளவுக்கு ஒட்டியிருந்தன. குளிர்ந்த இரவுகளில் அந்துப்பூச்சிகள் பறப்பது குறையும். முழுநிலா நாட்களில் விளக்குப்பொறியின் ஈர்ப்பு மங்கும். இவற்றையெல்லாம் அன்றன்று எழுதி வைத்தால்தான் பின்னால் அந்த எண்களைப் படிக்க முடியும். பொறியின் எண் இறங்கினால், செடியில் எண்ணிய முட்டையும் குஞ்சும் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

ஒரு பருவம் முழுவதும் எழுதியபின் வானிலையையும் எண்ணிக்கையையும் ஒப்பிடும்போது, அதே வாரத்து எண்களைச் சேர்த்துப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. செம்பேனுக்கும் இலைப்பேனுக்கும் ஒன்று அல்லது இரண்டு வாரம் முந்தைய வானிலையையும், வெள்ளை ஈக்கு மூன்று வாரம் முந்தையதையும், காய்ப்புழுவுக்கும் ஊசிப்புழுவுக்கும் மூன்று முதல் ஐந்து வாரம் முந்தையதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மழையின் அடித்துச் செல்லும் விளைவு மட்டும் அதே வாரத்தில் தெரியும். ஏமாந்துபோக இன்னோர் இடமும் இங்கு உண்டு. பருவம் நகர நகர வெப்பம் ஏறுகிறது, செடியும் வளர்கிறது, பூவும் காயும் வருகின்றன. பூ வந்ததும் இலைப்பேனும், பூவும் பிஞ்சும் வந்ததும் காய்ப்புழுவும் வருவது செடியின் அழைப்பால். வெப்பம் அதே சமயத்தில் ஏறியது தற்செயலாகவும் இருக்கலாம். ஒரே பருவத்துக் குறிப்பை வைத்து ‘வெப்பம் ஏறினால் காய்ப்புழு ஏறும்’ என்று எழுதிவிடுவது இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. வெவ்வேறு நாட்களில் நட்ட இரண்டு வயல்களை ஒரே வாரத்தில் எண்ணிப் பார்த்தால், செடியின் வயதால் வருவது எது, வானிலையால் வருவது எது என்று ஓரளவு பிரித்தறியலாம்.

பசுமைக்குடிலில் பயிர் செய்கிறவர்கள் வெளியிலுள்ள வானிலைக் குறிப்பைப் பயன்படுத்தவே கூடாது. உள்ளே மழையில்லை, காற்றில்லை, பகல் வெப்பம் வெளியை விடக் கூடுதல்; பூச்சியை அடித்துச் செல்லும் எதுவுமின்றி வளர்க்கும் வெப்பம் மட்டும் உண்டு. வெள்ளை ஈ, இலைப்பேன், செம்பேன் ஆகிய மூன்றும் அங்கே கொழிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. திறந்த வயலிலும் நெருக்கமாக நட்டு, கட்டிவிடாமல் தரையில் படரவிட்ட செடியின் உட்புறம், வெப்பமானி காட்டுவதை விடக் குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும். புரோடீனியாப் புழு பகலில் ஒளிந்துகொள்வது அங்கேதான்.

மருந்தடிக்கும் நாளைத் தேர்தல்

கணிப்பு சரியாக இருந்தும் அடிக்கும் வேளை தவறினால் உழைப்பு வீண். உயிரி மருந்துகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா, காய்ப்புழுவுக்கு நோய் தரும் என்பிவி நச்சுயிரி, வேம்பின் அசாடிராக்டின் ஆகிய மூன்றும் புறஊதாக் கதிரால் விரைவில் செயலிழப்பவை. மாலை வெயில் தாழ்ந்தபின் அடித்தால் அன்றிரவு முழுவதும் புழு அவற்றைத் தின்ன வாய்ப்புக் கிடைக்கும். மேகமூட்டமான நாட்களில் இவற்றின் ஆயுள் கூடும், ஆனால் மழை வந்துவிட்டால் கழுவப்பட்டுவிடும். பியூவேரியாவுக்கு அதிக ஈரப்பதமும் 20 முதல் 30 டிகிரி வெப்பமும் வேண்டும். வறண்ட வெயில் காலத்தில் அதை வாங்கி அடிப்பது பெரும்பாலும் வீண்செலவு. பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிடும் டிரைக்கோகிரம்மா என்ற சிறு குளவியின் ஒட்டுண்ணி அட்டைகளையும் வெயில் தணிந்த வேளையில், இலை நிழலில் கட்ட வேண்டும். 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் இக்குளவிகளின் செயல்பாடு வெகுவாகக் குன்றும்.

வேதி மருந்துகளிலும் வானிலையின் பங்கு உண்டு. பைரித்திராய்டு வகை மருந்துகள் குளிர்ந்த வேளையில் பூச்சியை நன்றாகத் தாக்கும். வெப்பம் ஏற ஏற அவற்றின் வீரியம் குறையும். வீரியம் போதவில்லை என்று வெயில் காலத்தில் அளவைக் கூட்டுகிறவர்கள், இயற்கை எதிரிகளைக் கொன்று செம்பேனுக்கு வழிவிடுகிறார்கள். கந்தகத்தையும் எண்ணெய்க் கரைசல்களையும் 32 டிகிரிக்கு மேல் அடித்தால் இலை கருகும். காற்று அறவே அசையாத விடியற்காலையில் நுண்துளிகள் கீழே இறங்காமல் மிதந்து வேறிடம் போவதும் உண்டு. இலைகள் இலேசாக அசையும் அளவுக்குக் காற்று இருப்பதே உகந்தது.

அறுவடை முடிந்த பின்பும் வெப்பமானியைக் கழற்றிவிடக் கூடாது. செடிகளையும் விழுந்த காய்களையும் அகற்றி உழுதபின், மண்ணிலும் சருகிலும் எஞ்சிய ஊசிப்புழுக் கூடுகளுக்கு இன்னும் அதிகபட்சம் 120 அலகுகள் தேவைப்படும். நாளுக்கு 19 அலகுகள் சேரும் வெப்பகாலத்தில் ஆறேழு நாட்களிலும், 6 அலகுகள் மட்டும் சேரும் குளிர்காலத்தில் இருபது நாட்களிலும் கடைசி அந்துப்பூச்சி வெளிவரும். வெளிவந்தது ஓரிரு வாரங்கள் உயிரோடிருந்து முட்டையிட இடம் தேடும். அடுத்த தக்காளி நடவைக் குறைந்தது அதுவரையிலாவது தள்ளிவைத்து, காலி வயலிலேயே இனக்கவர்ச்சிப் பொறியைத் தொங்கவிட்டு, அதில் தொடர்ந்து ஒரு வாரம் எதுவும் விழாததைக் கண்டபின் நாற்றைக் கொண்டுவந்தால், புதிய பயிருக்கான கணக்கை வெறுமையிலிருந்து தொடங்கலாம்.